சுருளும் உடலும்: காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கலில் ரேடியோ அதிர்வெண் சுருள் வடிவமைப்பின் வரலாறு – பெங்களூர் ஆய்வுகளும் செஞ்சி போன்ற ஊர்களின் தேவையும்

ஆய்வுச்சுருக்கம்

காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கல் (எம்.ஆர்.ஐ.) கருவியின் வரலாறு பெரும்பாலும் அதன் பெருங்காந்தத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. உடலுக்கு மிக அருகில் இருந்து சைகையை வாங்கும் ரேடியோ அதிர்வெண் சுருளின் வரலாறு, வரிச்சுருள், சேணச் சுருள், பறவைக் கூண்டுச் சுருள், சுருள் அணி என வடிவங்களின் வரிசையாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. சுருள் வடிவமைப்பின் வளர்ச்சியை, 'மின்சுற்றின் எல்லை எதுவரை?' என்னும் வினாவுக்கு அந்தந்தக் காலத்தில் அளிக்கப்பட்ட விடைகளின் வளர்ச்சியாக இக்கட்டுரை அணுகுகிறது. அவ்வாறு அணுகும்போது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் 1949, 1951 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு சிறு கட்டுரைகள் அவ்வரலாற்றின் தொடக்கப் பகுதியில் இயல்பாக இடம்பெறுகின்றன. அவ்விரண்டையும் மிகைப்படுத்தாமலும் புறக்கணிக்காமலும் மதிப்பிடுவதும், செஞ்சி போன்ற சிற்றூர்களுக்குப் பொருந்தும் குறைபுலக் கருவிகளில் சுருள் பெறும் முதன்மையை நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: ரேடியோ அதிர்வெண் சுருள், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, தரக்காரணி, சைகை–இரைச்சல் தகவு, ஜி. சூர்யன், குறைபுலப் படிமமாக்கல், செஞ்சி.

முன்னுரை

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் மராட்டியப் படைத்துறை நிலவமைப்புகளுள் ஒன்றாக இடம்பெற்றது. கோட்டையின் அடியில் உள்ள ஊர் இன்று விழுப்புரம் மாவட்டத்தின் வட்டத் தலைநகர்களுள் ஒன்று. மருத்துவக் கல்லூரிகள் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலும் திருவண்ணாமலையிலும் புதுச்சேரியிலும் உள்ளன; செஞ்சியில் இல்லை. எம்.ஆர்.ஐ. போன்ற பெருங்கருவிகள் மருத்துவக் கல்லூரிகளையும் பெருநகர்களையும் சார்ந்தே நிறுவப்படுவதால், இத்தகைய ஊர்களின் நோயாளர்கள் படம் எடுப்பதற்காகப் பயணம் செய்ய வேண்டியவர்களாக உள்ளனர்.

இந்நிலைக்குக் காரணம் பெரும்பாலும் காந்தமே. 1.5 டெஸ்லா மீக்கடத்துக் காந்தத்தின் விலை, எடை, குளிர்விப்பு, மின்காப்பறை ஆகியவை அதனைச் சிற்றூருக்கு எட்டாததாக்குகின்றன. காந்தத்தின் வலிமையைக் குறைத்தால் கருவி எளிதாகும். ஆனால் சைகையும் குறையும். குறைந்த சைகையை இழக்காமல் வாங்கும் பொறுப்பு அப்போது சுருளின்மேல் விழுகிறது. எனவே சுருளின் வரலாற்றை அறிதல், கருவியியல் வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய செய்தியன்று. மருத்துவம் எவ்விடம் வரை சென்றடையும் என்னும் சமூக வினாவோடும் அது தொடர்புடையது.

மருத்துவமனைத் தொழில்நுட்பர்கள் 'ஹெட் காயில்', 'ஸ்பைன் காயில்', 'நீ காயில்' என வழங்கும் இவ்வுறுப்பு இக்கட்டுரையில் 'சுருள்' என்றே குறிக்கப்படுகிறது.

1. சுருளின் பணி

உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அமைந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் நுண்காந்தம் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் அவற்றுள் மிகச் சிறு பங்கே கூடுதலாகப் புலத்தின் திசையை நோக்கி அமைகிறது. அதனால் விளையும் நிகரக் காந்தமாக்கலை அதன் திசையிலிருந்து சாய்த்தால், சாய்ந்த பம்பரத்தின் அச்சு வட்டமிடுவதுபோல் அது புலத்தைச் சுற்றி வரும். ஹைட்ரஜனுக்கு அச்சுழல்வின் அதிர்வெண் 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் ஆகும். 1.5 டெஸ்லாவில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ்; 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகள் பயன்படுத்திய அதிர்வெண் எல்லைக்குள் இவை அமைவதால் சுருள் 'ரேடியோ அதிர்வெண் சுருள்' எனப் பெயர் பெற்றது.

சுருளின் பணிகள் இரண்டு. முதலாவது, அவ்வதிர்வெண்ணில் மாறும் காந்தப் புலத்தைச் செலுத்திக் காந்தமாக்கலைச் சாய்ப்பது. இரண்டாவது, சாய்ந்து சுழலும் காந்தமாக்கல் ஃபாரடே விதிப்படி தூண்டும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை வாங்குவது. சுருளும் மின்தேக்கியும் இணைந்து குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் சுற்றாக அமைகின்றன. அச்சுற்று ஆற்றலை இழக்காமல் எவ்வளவு தேக்கி வைக்கிறது என்பதனைக் குறிக்கும் எண் 'தரக்காரணி' ஆகும். சுருளின் உட்பரப்பில் ஆய்பொருள் எவ்வளவு இடத்தை நிறைக்கிறது என்பதனைக் குறிப்பது 'நிரப்புக் காரணி'. சுருள் வடிவமைப்பின் வரலாறு முழுவதிலும் இவ்விரு அளவுகளும் வெவ்வேறு பொருளில் மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம்.

2. தொடக்கநிலை: நோக்குவோனாகச் சுருள்

1945-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் இரு ஆய்வகங்கள் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைத் தனித்தனியே கண்டறிந்தன. ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்டு ஆகியோர் பாரஃபின் மெழுகு நிரப்பிய ஒத்ததிர்வுக் குழியைப் பயன்படுத்தி, மெழுகு ஆற்றலை உட்கவர்வதனை 30 மெகாஹெர்ட்ஸ் அளவில் நோக்கினர். ஸ்டான்ஃபோர்டில் பிளாக், ஹான்சன், பக்கார்டு ஆகியோர் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சுருள்களை அமைத்தனர். ஒன்று செலுத்தும், மற்றொன்று வாங்கும். செலுத்தும் சுருளின் வலிய புலம் வாங்கும் சுருளை மூழ்கடிக்காமல் இருக்கவே இச்செங்குத்து அமைப்பு. பிளாக்கும் பர்செலும் 1952-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விரு முறைகளும் கருவியமைப்பில் வேறுபட்டாலும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டன. அணுக்கருக்கள் தம் இயல்பில் நிகழ்த்தும் ஒன்றைக் கருவி வெளியிலிருந்து நோக்குகிறது என்பதே அக்கருத்து. ஒத்ததிர்வுக் கோட்டின் வடிவம் பொருளின் பண்பு என்றும், சுருளின் தரம் சைகையின் அளவை மட்டுமே பாதிக்கும் என்றும் கொள்வது அக்கருத்தின் இயல்பான விளைவாகும். சுருள் இங்கு நோக்குவோன் மட்டுமே.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் இந்தியப் பங்கும் இருந்தது. எத்தனால் மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று கோடுகளைத் தருவதனை 1951-இல் வெளியிட்ட ஆர்னால்டு, தர்மாத்தி, பக்கார்டு ஆகிய மூவருள் எஸ். எஸ். தர்மாத்தி பின்னர் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காந்த ஒத்ததிர்வு ஆய்வுக் குழுவை உருவாக்கினார். எனினும் சுருளைப் பற்றிய அடிப்படை வினா எழுந்தது பம்பாயிலன்று, பெங்களூரில்.

3. பெங்களூர்: நோக்கும் முறையும் நோக்கப்படுவதும்

இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி. சூர்யன் 1949-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும் அதன்மேல் நோக்கல் முறைகள் நிகழ்த்தும் விளைவும் என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் மையக் கருத்தைப் பின்வருமாறு விளக்கலாம்.

சுழலும் காந்தமாக்கல் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டத்தையே சைகை என்கிறோம். ஆனால் எந்த மின்னோட்டமும் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்கும். சைகை மின்னோட்டம் உண்டாக்கும் அப்புலம் திரும்பவும் காந்தமாக்கலின்மேல் செயல்பட்டு, அதனைத் தொடக்க நிலைக்கு மீளத் தள்ளுகிறது. எனவே சைகை தேய்வது பொருளின் இயல்பால் மட்டும் நிகழ்வதன்று; சுருள் வாங்குவதாலும் நிகழ்கிறது. இவ்விளைவின் விரைவு, காந்தமாக்கலின் அளவு, நிரப்புக் காரணி, தரக்காரணி ஆகிய மூன்றின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. சுருள் எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்கு அது நோக்கப்படுவதனை மாற்றுகிறது என்பது இதன் உட்பொருள்.

இவ்விளைவை 1954-இல் புளூம்பெர்கனும் பவுண்டும் விரிவான கணிதத்தோடு ஆராய்ந்தனர். 'கதிர்வீச்சுத் தடையுறல்' என்னும் பெயர் நிலைபெற்றது. இப்பெயர் பொருத்தமானதன்று என்பதும் நோக்கத்தக்கது. ஆற்றல் வெளியில் கதிர்வீசப்படுவதில்லை. சுருளின் மின்தடையில் வெப்பமாகிறது. சூர்யனின் தலைப்பில் அமைந்த 'நோக்கல் முறைகளின் விளைவு' என்னும் சொல்லாட்சி, நிகழ்வின் இயல்பை இன்னும் செம்மையாகக் குறிக்கிறது எனலாம்.

1951-இல் அவர் வெளியிட்ட இரண்டாவது கட்டுரை 'இந்திய அறிவியல் அகாடமி நடவடிக்கைகள்' இதழில் வந்தது. அதன் பொருள் பாயும் நீர்மங்களில் அணுக்கரு ஒத்ததிர்வு. காந்த முனைகளுக்கிடையே வைத்த வளைகுழாயில் நீர் பாயும்போது அதன் சைகை 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் நோக்கப்பட்டது. தேங்கி நிற்கும் நீரில், தொடர்ந்து செலுத்தப்படும் ரேடியோ அலையால் அணுக்கருக்கள் தெவிட்டு நிலையை அடைந்து சைகை குன்றுகிறது. நீர் பாயும்போது தெவிட்டிய அணுக்கருக்கள் சுருளைவிட்டு வெளியேற, தெவிட்டாத புதியவை உள்ளே வருகின்றன. ஆகவே பாய்வின் விரைவு கூடும்போது சைகையும் கூடுகிறது. சுருளின் நீளம் இங்கு வெறும் வடிவ அளவாக இல்லாமல், பாய்வை அளக்கும் கோலாக மாறிவிடுகிறது.

இரத்த ஓட்டத்தைக் காந்த ஒத்ததிர்வால் அளக்கலாம் என்பதை 1959-இல் அமெரிக்காவின் ஜெரோம் சிங்கர் விலங்குகளில் காட்டினார். இன்று மருந்து செலுத்தாமலேயே மூளை நாளங்களைப் படமெடுக்கும் முறைகளுள் ஒன்று, தெவிட்டிய திசுவினூடே புதிய இரத்தம் ஒளிர்ந்து தோன்றும் இதே அடிப்படையைக் கொண்டது. பாய்வின் விளைவை முதலில் நோக்கியது சூர்யனின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை எனத் துறைசார் மீள்நோக்குக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன.

இவ்விடத்தில் மதிப்பீட்டின் எல்லையை வரையறுத்தல் வேண்டும். சூர்யன் படிமமாக்கலைக் கண்டுபிடித்தவரல்லர். மருத்துவச் சுருளொன்றையும் வடிவமைத்தவரல்லர். அவருடைய காலத்தில் காந்த ஒத்ததிர்வால் படம் எடுக்கலாம் என்னும் எண்ணமே தோன்றியிருக்கவில்லை. கதிர்வீச்சுத் தடையுறல், உயர்புல நிறமாலையியலில் நீரின் வலிய சைகையைக் கையாளும்போது பெருந்தொல்லையாக அமைகிறது. மருத்துவப் படிமமாக்கலிலோ உடலே தரக்காரணியைக் குறைத்துவிடுவதால் அதன் பங்கு சிறிது. ஆகவே 'எம்.ஆர்.ஐ. இந்தியாவில் தோன்றியது' என்பது போன்ற கூற்றுக்கு இங்கு இடமில்லை. சூர்யனின் பங்களிப்பு ஒரு வினாவை எழுப்பியதில் அமைகிறது: சுருளையும் அது நோக்கும் பொருளையும் தனித்தனியே கருதலாகுமா? பின்வந்த ஒவ்வொரு வடிவ மாற்றமும் இவ்வினாவின் ஒரு கூறுக்கு விடையளிப்பதாக அமைகிறது.

4. உடல் சுற்றின் உறுப்பாதல்: 1973–1980

1973-இல் பால் லாட்டர்பர், சீராக மாறும் காந்தப் புலத்தைக் கூடுதலாகச் செலுத்தி இரு நீர்க்குழாய்களின் படத்தை வெளியிட்டார். 1975-இல் அனில் குமார், வெல்ட்டி, ரிச்சர்டு எர்ன்ஸ்ட் ஆகியோர் ஃபூரியே மாற்றத்தைப் பயன்படுத்திப் படம் அமைக்கும் முறையை முன்வைத்தனர். இன்றைய கருவிகள் படத்தை மீட்டெடுக்கும் முறை அதன் வழிவந்தது. அனில் குமார் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றினார்.

படமெடுக்கும் முறை கிடைத்ததும் சிறு சோதனைக் குழாய்க்குப் பதிலாக மனித உடல் சுருளுக்குள் நுழைந்தது. இதனால் எழுந்த சிக்கலை 1977-ஆம் ஆண்டின் நிகழ்வொன்று காட்டுகிறது. ரேமண்டு டமாடியன் தம் குழுவினர் கட்டிய கருவியில் முதலில் தாமே அமர்ந்தார், சைகை கிடைக்கவில்லை. அவருடைய பருத்த உடல் சுருளுக்கு மிகுதியான சுமையாகிவிட்டது எனக் குழுவினர் கருதினர். மெலிந்த உடலினரான லாரி மின்காஃப் அமர்ந்தபோது, 1977 சூலை 3 அன்று, ஏறத்தாழ 5 மணிநேர முயற்சியில் மார்பின் குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது. உடலின் பருமன் சுருளின் இயக்கத்தை மாற்றக்கூடும் என்பதை இந்நிகழ்வு நடைமுறையில் உணர்த்தியது.

இதன் கோட்பாட்டு விளக்கத்தை டேவிட் ஹோல்ட் இரு கட்டுரைகளில் அளித்தார். ரிச்சர்ட்ஸுடன் இணைந்து 1976-இல் எழுதிய கட்டுரை பரிமாற்றுத் தத்துவத்தைச் சுருளுக்குப் பொருத்தியது. சுருளில் ஓரலகு மின்னோட்டம் பாய்ந்தால் ஓரிடத்தில் எவ்வளவு புலம் உண்டாகுமோ, அவ்வளவுக்கு அவ்விடத்து அணுக்கருவின் சைகையும் சுருளை வந்தடையும் என்பது அதன் சாரம். இதன்வழி எந்தச் சுருளின் உணர்திறனையும் கட்டுவதற்கு முன்பே கணக்கிட முடிந்தது. வரிச்சுருள், சேணச் சுருளைவிட ஏறத்தாழ 3 மடங்கு சிறந்த சைகை–இரைச்சல் தகவைத் தரும் என்பதும் அக்கட்டுரையின் முடிவு. ஆயினும் மீக்கடத்துக் காந்தத்தின் புலம் உடலின் நீளவாக்கில் அமைவதால், அதற்குச் செங்குத்தான புலத்தைத் தரும் சேணச் சுருளையே பலகாலம் பயன்படுத்த வேண்டியிருந்தது.

லாட்டர்பருடன் இணைந்து 1979-இல் எழுதிய கட்டுரை இரைச்சலின் பிறப்பிடத்தை ஆராய்ந்தது. உப்புநீர்க் கரைசல் போன்ற உடல் ஒரு மின்கடத்தி. அதிலுள்ள அயனிகளின் வெப்ப அசைவும் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். சுருளின் மின்தடை அதிர்வெண்ணின் இருமடி மூலத்தை ஒட்டி உயர, உடலால் சேரும் மின்தடை அதிர்வெண்ணின் இருமடியை ஒட்டி உயர்கிறது. ஆகவே புலம் உயரும்போது ஒரு கட்டத்துக்குப்பின் இரைச்சலில் பெரும்பகுதி உடலிலிருந்தே வருகிறது. அதற்குமேல் சுருளைச் செப்பம் செய்வதால் பெரும்பயன் இல்லை. சுருளை உடலின்றியும் உடலோடும் வைத்துத் தரக்காரணியை இருமுறை அளப்பது இன்றும் ஆய்வகங்களின் முதற்சோதனையாகும். இரண்டாம் அளவு பெரிதும் குறைந்தால் சுருள் நன்கு அமைந்துள்ளது. இரைச்சல் உடலுடையது எனக் கொள்ளப்படும்.

உடல்தான் இரைச்சலின் பிறப்பிடம் என்றால், தேவைப்படும் உடற்பகுதியை மட்டும் 'கேட்கும்' சுருளே சிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆக்கர்மன், ராடா முதலியோர் 1980-இல் வெளியிட்ட மேற்பரப்புச் சுருள் இத்தேவையை நிறைவேற்றியது. தோலின்மேல் வைக்கப்படும் எளிய வளையமான இது, ஏறத்தாழ தன் ஆரத்துக்குச் சமமான ஆழம் வரையுள்ள சைகையை நன்கு வாங்கும். தொலைவிலுள்ள பகுதிகளின் இரைச்சல் அதனை எட்டாது. உணர்திறன் இடத்துக்கு இடம் வேறுபடுவது அதன் குறை. இக்குறையே பின்னாளில் பெருஞ்செல்வமாக மாறியது.

5. அலைநீளமும் பறவைக் கூண்டும்

1980-களின் தொடக்கத்தில் முழுவுடல் காந்தங்கள் 1.5 டெஸ்லாவை எட்டின. காற்றில் 64 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 4.7 மீட்டர். தலையையோ உடலையோ சூழும் சுருளின் கம்பி நீளம் இதில் கணிசமான பங்காகிவிட்டது. அந்நிலையில் கம்பியின் எல்லாப் பகுதியிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதில்லை, புலம் சீர்குலைகிறது. சுருளை, கம்பியும் மின்தேக்கியும் தனித்தனியே அமைந்த எளிய சுற்றாகக் கருதும் வழக்கம் இங்கு முறிந்தது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செசில் ஹேய்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 1985-இல் வெளியிட்ட பறவைக் கூண்டுச் சுருள் இச்சிக்கலுக்கு விடையாக வந்தது. ஏணியொன்றை வளைத்து அதன் இரு முனைகளையும் இணைத்தாற்போன்ற வடிவம் அது. இரு வளையங்களுக்கிடையே நிற்கும் செப்புக் கால்களிலோ வளையங்களிலோ மின்தேக்கிகள் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. உரிய அதிர்வெண்ணில், கால்களில் பாயும் மின்னோட்டம் வட்டத்தைச் சுற்றிச் சைன் அலை வடிவில் ஏறி இறங்குகிறது. அத்தகைய பகிர்வு உருளையின் உள்ளே மிகச் சீரான புலத்தைத் தரும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு இடங்களில் சைகையை எடுத்தால், தகவு ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்வதோடு செலுத்த வேண்டிய திறனும் பாதியாகக் குறைகிறது.

3 டெஸ்லாவில் இச்சிக்கல் உடலுக்குள்ளேயே நுழைந்தது. நீர்ச்சத்து மிகுந்த திசுவில் 128 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 26 செ.மீ. மட்டுமே. இது வயிற்றின் குறுக்களவை ஒத்தது. அலைகள் உடலுக்குள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் படத்தில் ஒளிர்வும் இருளுமான திட்டுகளை உண்டாக்குகின்றன. முன்பு இரைச்சலின் பிறப்பிடமாக மட்டும் கருதப்பட்ட உடல், இப்போது புலத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும் உறுப்பாகியது.

6. சுருளும் சுருளும்: அணியின் தோற்றம்

மேற்பரப்புச் சுருளின் தெளிவும் பெருஞ்சுருளின் பரப்பும் ஒருசேரக் கிடைக்க வேண்டுமாயின் பல சிறு சுருள்களை அடுத்தடுத்து வைக்கலாம். ஆனால் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைக்கப்பட்ட இரு சுருள்கள் அருகருகே இருந்தால் பரிமாற்று மின்தூண்டலால் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டின் இசைவும் பிளவுபடும். ரோமர், எடல்ஸ்டைன், ஹேய்ஸ் முதலியோர் 1990-இல் இதற்கு இரு வழிகளைக் காட்டினர். முதலாவது, அடுத்தடுத்த வளையங்களைச் சிறிது மேற்படிய வைப்பது. வட்ட வளையங்களின் மையங்கள் விட்டத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு தொலைவில் இருந்தால் பரிமாற்று மின்தூண்டல் சுழியாகிறது. இரண்டாவது, உள்ளீட்டுத் தடை மிகக் குறைந்த முன்பெருக்கியை இணைத்து, சுருளில் சைகை மின்னோட்டம் ஏறத்தாழ பாயாதவாறு தடுப்பது. மின்னோட்டம் இல்லையேல் அண்டைச் சுருளைத் தாக்கும் புலமும் இல்லை.

இரண்டாவது வழியைச் சூர்யனின் 1949-ஆம் ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டு நோக்கலாம். சைகை மின்னோட்டம் திரும்பத் தாக்குகிறது என்பது அங்குக் கண்டறியப்பட்ட உண்மை. இங்கு அம்மின்னோட்டத்தையே அடக்கி, மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும் உத்தி கையாளப்படுகிறது. ரோமர் குழுவினர் பெங்களூர்க் குறிப்பிலிருந்து இதனைப் பெற்றனர் என்பது இதன் பொருளன்று. ஒரே இயற்பியல் உண்மை வெவ்வேறு தேவைகளின்போது வெவ்வேறு முகங்களில் வெளிப்பட்டது என்பதே பொருள்.

1997-இல் சோடிக்சனும் மானிங்கும், 1999-இல் புரூஸ்மன் குழுவினரும் மேலும் ஒரு படி சென்றனர். ஒவ்வொரு சுருளும் உடலின் வெவ்வேறு பகுதியை வெவ்வேறு அளவில் கேட்கிறது என்றால், அவ்வேறுபாடே இடத்தைப் பற்றிய தகவலாகும். அதனைப் பயன்படுத்தினால் எடுக்க வேண்டிய அளவீடுகளில் ஒரு பகுதியை விட்டுவிட்டே முழுப்படத்தை மீட்டெடுக்கலாம். 1980-இல் குறையெனப்பட்ட சீரற்ற உணர்திறன், இவ்வாறு படமெடுக்கும் நேரத்தைக் குறைக்கும் கருவியாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் சுருள்கள் விறைப்பான கூடுகளைவிட்டு உடலோடு படியும் ஆடைபோலாகத் தொடங்கின. அச்சிட்டு ஆக்கிய நெகிழ் சுருள்கள் 2016-லும், கையுறை வடிவச் சுருள்கள் 2018-லும் ஆய்விதழ்களில் வெளிவந்தன.

7. குறைபுலமும் செஞ்சியின் தேவையும்

இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. வசதி 1986-இல் டெல்லியிலுள்ள அணுக்கரு மருத்துவம் மற்றும் சார்பு அறிவியல் நிறுவனத்தில் ஏற்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் கருவிகள் இறக்குமதியையே சார்ந்திருந்தன. அண்மையில் உள்நாட்டு முயற்சிகள் வலுப்பெற்றுள்ளன. மும்பையைத் தலைமையிடமாகவும் சென்னையில் ஒரு மையத்தையும் கொண்ட 'சமீர்' நிறுவனம், பிற அரசு நிறுவனங்களுடன் இணைந்து 1.5 டெஸ்லா கருவியை உருவாக்கி, அதன் மருத்துவச் சோதனைக்காக 2025 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பெங்களூரின் வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் திரவ ஹீலியம் தேவைப்படாத 1.5 டெஸ்லா கருவியை உருவாக்கியுள்ளது. இவை மாவட்ட நகரங்களின் தேவைக்குப் பொருந்துபவை. வட்டத் தலைநகர்களின் தேவைக்கு இன்னொரு வழியையும் கருத வேண்டியுள்ளது.

நிலைக்காந்தக் கட்டிகளால் அமைந்த 0.05 டெஸ்லா அளவிலான கருவிகள் அவ்வழியைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 0.064 டெஸ்லா வலிமையுடைய நகர்த்தத்தக்க மூளைக் கருவியொன்று 2020-இல் அரசு ஒப்புதல் பெற்றது. ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு, மின்காப்பறை இன்றி இயங்கும் 0.055 டெஸ்லா கருவியை 2021-இல் வெளியிட்டது. உகாண்டாவின் பராரா பல்கலைக்கழகத்தில், குழந்தைகளின் தலைநீர்க்கோவையைக் கண்டறியும் நோக்குடன், நெதர்லாந்தின் லைடன் குழுவினர் வடிவமைத்த கருவி 2022-இல் அவ்விடத்திலேயே பூட்டி இயக்கப்பட்டது. இக்கருவிகளின் படம் 1.5 டெஸ்லா படத்துக்கு ஈடாகாது. தலையில் நீர் தேங்கியுள்ளதா, பெரிய இரத்தக்கசிவு உண்டா, நோயாளரை உடனே பெருநகருக்கு அனுப்ப வேண்டுமா என்னும் வினாக்களுக்கு விடையளிப்பதே அவற்றின் பயன்.

இங்குச் சுருளின் நிலை தலைகீழாகிறது. 0.05 டெஸ்லாவில் அதிர்வெண் ஏறத்தாழ 2.1 மெகாஹெர்ட்ஸ். அவ்வதிர்வெண்ணில் உடலின் இரைச்சல் மிகக் குறைவு. சுருளின் சொந்த மின்தடையே இரைச்சலின் பெரும்பகுதியைத் தருகிறது. உயர்புலத்தில் பயனற்றுப்போன செப்பம் இங்கு மீண்டும் பயனுடையதாகிறது. தனித்தனியே காப்பிட்ட நுண்கம்பிகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி, கம்பிகளுக்கிடையே விடும் இடைவெளி, மின்தேக்கியின் தரம் ஆகிய ஒவ்வொன்றும் படத்தில் தெரியும். நிலைக்காந்தத்தின் புலம் பெரும்பாலும் உடலுக்குக் குறுக்காக அமைவதால், 1976-இல் சிறந்ததென நிறுவப்பட்டும் மீக்கடத்துக் காந்தங்களில் இடம்பெறாத வரிச்சுருளைத் தலையைச் சுற்றி நேரடியாகச் சுற்ற முடிகிறது.

ஆனால் தரக்காரணியை எல்லையின்றி உயர்த்தவும் இயலாது. தரக்காரணி 200 எனில் 2.1 மெகாஹெர்ட்ஸில் சுருள் வாங்கும் அதிர்வெண் பட்டையின் அகலம் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. படத்துக்கு அதைவிட அகன்ற பட்டை தேவைப்படும்போது, படத்தின் ஓரங்கள் மங்கும். சூர்யன் விளக்கிய தடையுறல் இச்சிறு காந்தமாக்கலில் புறக்கணிக்கத்தக்கது. எனினும் சிறந்த சுருள் நோக்கப்படுவதனை மாற்றிவிடும் என்னும் அவருடைய வினா, இங்குப் பட்டை அகலத்தின் வடிவில் மீண்டும் எழுகிறது. மேலும் மின்காப்பறை இல்லாத கட்டடத்தில் மின்மோட்டார், மாற்றி விளக்கு, மின்கம்பி ஆகியவற்றின் இடையூறும் சுருளை வந்தடைகிறது. ஹாங்காங் கருவி, சுற்றுப்புறத்தைக் கேட்க மட்டும் தனிச் சுருள்களை வைத்து, அவ்விடையூற்றைக் கணித்து நீக்குகிறது. உடலும் அண்டைச் சுருளும் இடம்பெற்ற மின்சுற்றில் கட்டடமும் இவ்வாறு இடம்பெற்றுவிட்டது.

எம்.ஆர்.ஐ. கருவியின் உறுப்புகளுள் கல்லூரி ஆய்வகமொன்றின் பொருள்வளத்துக்குள் அடங்குவது சுருளேயாகும். செப்புக் கம்பி, மின்தேக்கி, நெகிழித் தாங்கி, அளவிடும் கருவி, பொறுமையான கைத்திறன் ஆகியவையே அதன் மூலதனம். மாவட்டப் பொறியியல் கல்லூரிகளும் அறிவியல் கல்லூரிகளும் குறைபுலச் சுருள்களைக் கட்டி, நீர் நிரப்பிய மாதிரிப் பொருள்களில் சோதித்து ஆய்வில் ஈடுபட முடியும். மனிதரில் பயன்படுத்துவது வேறு நிலை. செலுத்தும் வேளையில் வாங்கும் சுருள் தன் இசைவிலிருந்து விலக்கப்படாவிடில் அதில் பாயும் மின்னோட்டம் தோலைச் சுட்டுவிடும். ஆகவே அந்நிலைக்கு மருத்துவ நெறிக்குழுவின் ஒப்புதலும் உரிய பாதுகாப்புச் சோதனையும் இன்றியமையாதவை.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகளை வரையறுக்கலாம்.

சுருள் வடிவமைப்பின் வரலாறு, மின்சுற்றின் எல்லை விரிந்த வரலாறாகும். 1946-இல் சுருள் வெளியில் நிற்கும் நோக்குவோன். 1949-இல் அணுக்கருவும், 1979-இல் உடலும், 1985-இல் அலைநீளமும், 1990-இல் அண்டைச் சுருளும், 2021-இல் கட்டடமும் சுற்றின் உறுப்புகளாக ஏற்கப்பட்டன.

இவ்வரிசையின் முதற்படியை ஜி. சூர்யனின் பெங்களூர்க் குறிப்பு எடுத்துவைத்தது. அதனைப் படிமமாக்கலின் கண்டுபிடிப்பாக உயர்த்துவதும், அடிக்குறிப்பாக ஒதுக்குவதும் வரலாற்று முறைமைக்கு ஒவ்வாதவை. ஒரு வினா எங்கு, எப்போது முதலில் தெளிவாகக் கேட்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்வதே அறிவியல் வரலாற்றின் கடமையாகும்.

புலம் உயர உயரச் சுருளின் செப்பம் பயன்குன்றுகிறது. புலம் குறையக் குறைய அது முதன்மை பெறுகிறது. எனவே செஞ்சி போன்ற ஊர்களுக்கு உரிய கருவியைப் பற்றிச் சிந்திக்கும்போது, சுருள் வடிவமைப்பைத் துணைப்பொருளாகக் கொள்ளாமல் தொடக்கப்பொருளாகக் கொள்ள வேண்டும். 1.5 டெஸ்லாக் கருவிகளின் உள்நாட்டு உற்பத்தியோடு, குறைபுலச் சுருள் ஆய்வும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இடம்பெறுமாயின், கோட்டையின் அடியிலுள்ள ஊரில் தலையில் அடிபட்டு வரும் ஒருவருக்கு, அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதனை அவ்வூரிலேயே கூற இயலும்.